சுத்துக்கணக்கு அண்ணனின் நகராத தேர்

பதுளை மாவட்டத்திலேயே தன் இரண்டு கண்களையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் சுத்துக்கணக்கு அண்ணன்தான். எதையும் ஒரு மோட்டர் எண்ணிச் சொன்னால்தான் நம்புவார்.

டவுனில் போன் ரிப்பேர் கடை. வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. பொழுதுபோக்குக்கு ரோபோ செய்கிறவர்கள் வாங்கும் விரல் நீள மோட்டர் ஒன்றை அவர் தபாலில் வரவழைத்தார். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். மோட்டருக்கு முன்னால் கியர்ப்பெட்டி, பின்னால் என்கோடர் என்று ஒரு சின்ன வட்டு. மோட்டர் எத்தனை சுற்று சுற்றியது என்பதை அந்த வட்டு எண்ணும்.

"வெறும் மோட்டரும் ஓடும். ஆனா எவ்வளவு தூரம் ஓடுனோம்னு அதுக்கே தெரியாது, நம்ம தலைவருங்க மாதிரி. இது அப்படியில்ல, கணக்கு வச்சிருக்கும்" என்பார்.

முதலில் அதைத் தேங்காய் துருவியில் பூட்டினார். தேங்காய் துருவியதோ இல்லையோ, துருவி சுற்றிய கணக்கை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பிறகு தையல் மெஷினில் பூட்டினார். மனைவியின் ஜாக்கெட்டுக்கு ஒரு கை தைத்ததும், கணக்கு முடிந்ததென்று மெஷின் நின்றுவிட்டது. அந்த வாரம் முழுக்க அந்த அக்கா அவரோடு பேசவில்லை.

அடுத்தது கோழிக்கூட்டுக் கதவு. அவசரத்தில் என்கோடரின் இரண்டு வயரை மாற்றிப் பூட்டிவிட்டார். மோட்டர் கதவைத் திறந்தது. என்கோடரோ கதவு மூடிக்கொண்டு போகிறது என்றது. அப்படியா சங்கதி என்று மோட்டர் இன்னும் வேகமாகத் திறந்தது. கதவு கழன்று விழும்வரை இரண்டும் விடவில்லை.

கோழிகள் நேரே அடுத்த வீட்டு லீக்ஸ் பாத்தியில் போய் இறங்கின. அடுத்த வீடு அவருடைய சொந்த அண்ணன் வீடு. பெரியவர் என்போம் அவரை. வெலிமடை வியாபாரியிடம் பேசிவைத்திருந்த லீக்ஸ் அது. பெரியவர் வாசலில் நின்று கத்தினார்.

"உன் மோட்டரும் நீயும் இனிமே என் வாசல்ல கால் வைக்கக் கூடாது!"

"மோட்டருக்கு ஏது கால்?" என்று இவர் கேட்காமலாவது இருந்திருக்கலாம்.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. லயத்து நடுச்சுவர் எப்படிப்பட்டதென்றால், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் கோயில் கமிட்டிச் செயலாளரான என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

"செக்ரட்டரி, மழை வருது, துணிய எடுக்கச் சொல்லுங்க அந்தாள" என்பார் பெரியவர்.

"எடுத்தாச்சுன்னு சொல்லுங்க" என்று சுவருக்கு அப்பாலிருந்து பதில் வரும்.

நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி காய்ச்சலில் கிடந்தபோது பெரியவர் வாசல்வரை வந்து, நின்று, திரும்பிப் போனதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. சின்னத் தேர் ஒன்று லயத்து வாசல்களில் நின்று நின்று போகும். தேரைத் தள்ளுகிறவர்கள் தங்கள் சொந்தக்காரர் வாசலில் அதிக நேரம் நிறுத்துகிறார்கள் என்று வருஷா வருஷம் அடிதடி. போன வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் சுத்துக்கணக்கு எழுந்தார்.

"மோட்டர் தள்ளட்டுங்க. அதுக்குச் சொந்தக்காரங்க கிடையாது."

கமிட்டி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. பெட்டிகளில் அடைத்து வரும் வெள்ளை நுரை அட்டையான ரெஜிஃபோமில் தேர் செய்தார். வாசலுக்கு வாசல் இத்தனை சுற்று என்று கணக்கு; அந்தக் கணக்கு அவருடைய போனிலும் ஓடும். வாசல் வந்ததும் தேர் நின்று மணி அடிக்கும். யாரும் கை வைக்கக் கூடாது, வைத்தால் கணக்கு கெட்டுவிடும் என்று உத்தரவும் போட்டார்.

"உங்க அண்ணன் வாசல்லயும் நிக்குமா?" என்று கேட்டேன்.

"அம்மன் நிப்பா. நான் நிக்க மாட்டேன்."

அன்று தேர் அழகாகத்தான் போனது. பெரியவர் வாசலிலும் ஒழுங்காக நின்று மணி அடித்தது. பெரியவரின் மனைவி பக்தி பொங்கி ஒரு வாளி மஞ்சள் நீரையும் அப்படியே கொட்டிவிட்டார். பாசி பிடித்த சிமெந்துத் தரை. தேர் புறப்பட்டது. சக்கரம் சுற்றியது, தேர் அசையவில்லை. மோட்டருக்கு என்ன தெரியும்? சுற்றுகளை எண்ணி, அடுத்த வீடு வந்துவிட்டதென்று அங்கேயே மறுபடி மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது.

பக்கத்து வாசலில் சுத்துக்கணக்கின் மனைவி கற்பூரத் தட்டோடு காத்து நின்றார். சுத்துக்கணக்கு கையில் போனை வைத்துக்கொண்டு முழித்தார். போன் கணக்குப்படி அம்மன் கோயிலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"சின்னவன் வந்து கூப்பிடாம ஆத்தா நகர மாட்டா!" என்றார் பூசாரி. பெண்கள் குலவை போட்டார்கள்.

"சக்கரம் வழுக்குதுங்க, வேற ஒண்ணுமில்ல!" என்று இவர் கத்தினார். குலவைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

போனைப் பார்த்தார். தேரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மோட்டரை விட்டுவிட்டுத் தன் கண்ணை நம்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணன் வாசலில் கால் வைத்தார். அவரும் வழுக்கினார். விழப் போனவரின் கையை எட்டிப் பிடித்தது பெரியவர்தான்.

"பாத்து வாடா. என் லீக்ஸத் தின்ன கோழிகூட இப்படி விழல."

நான் நடுவில் இல்லாமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு. தேரை இரண்டு பேருமாகத் தூக்கி அடுத்த வாசலில் வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வருஷம் சக்கரத்துக்கு ரப்பர் போடச் சொல்லிக் கமிட்டி கண்டிப்பாகச் சொன்னது. மறுக்காமல் போட்டார். திருவிழாவன்று காலையில் போய்ப் பார்த்தால், மனுஷன் பெரியவர் வாசலில் குந்திக்கொண்டு சிமெந்துத் தரையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

உள்ளேயிருந்து பெரியவர் குரல் வந்தது. "அந்தப் பக்கமும் கொஞ்சம் தடவுடா."

செயலாளர் என்ற முறையில் நான் தடுத்திருக்க வேண்டும். எண்ணெய்ப் போத்தலை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.