உங்கட மலைதான் முதலாவது

கிளென் வேவர்லி, மெல்பேர்ண்
சனிக்கிழமை காலை

மதிப்புக்குரிய, எனக்குச் சம்பந்தியாக வர இருந்தவரும் இன்னும் வரக் கூடியவருமான மகேந்திரராஜா அண்ணை அவர்களுக்கு,

சிறீஸ்கந்தராசா எழுதிக்கொள்வது. சிட்னி பிளாக்டவுனில் நீங்களும் சிவனேஸ்வரி அக்காவும் மகன் லோஜனும் சுகமாக இருக்க மேய்ஸ் ஹில் முருகன் துணை நிற்பானாக. நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்கு இடுப்புப் பிடிப்பு, மனைவி செல்வமலருக்குத் தடிமனும் தும்மலும், மகள் துவாரகாவுக்கு என்னோடு கதை இல்லை. இந்தக் காலத்தில் கையால் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு விசரா என்று நினைப்பீர்கள். என்ன செய்ய, போன் அடித்தால் நீங்கள் எடுக்கிறீர்கள் இல்லை. செய்தி அனுப்பினால் வாசித்த அடையாளம் விழுகிறதே தவிர ஒரு சொல் பதில் இல்லை. கடிதம் என்றாலாவது உடைத்துப் பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கைதான்.

அண்ணை, அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததை நினைக்க நினைக்க எனக்கு நம்ப ஏலாமல் இருக்கிறது. கலியாணப் பேச்சு என்றால் சாதகத்தில் குழம்பும், சீதனத்தில் குழம்பும், மண்டபத்தில் குழம்பும். நாங்கள் இது எல்லாவற்றையும் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பேசித் தீர்த்த மனிதர்கள். சாதகம் பொருந்தியது. சீதனம் என்ற பேச்சை எடுக்கவே நீங்கள் விடவில்லை. தாலிகட்டுச் சிட்னியில், வரவேற்பு மெல்பேர்ணில் என்று ஒரு சொல்லில் முடிந்தது. சிவனேஸ்வரி அக்கா செல்வமலரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நாங்கள் ஒரு குடும்பம்" என்றா. அந்தச் சூட்டோடு எல்லாரும் சாப்பாட்டு மேசைக்குப் போயிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து லோஜன் வாயைத் திறந்தார். அவரும் துவாரகாவும் முதன்முதல் சந்தித்ததே பனியில் சறுக்கப் போன இடத்தில்தானாம், ஆனபடியால் கலியாணத்துக்கு முதல் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு தரம் பனிமலைக்குப் போய்வர வேண்டுமாம். நல்ல யோசனைதான். "எந்த மலைக்கு?" என்று நான் கேட்டேன். அவ்வளவுதான் அண்ணை நான் கேட்டது.

"இதென்ன கேள்வி, எங்கட சிட்னிப் பக்கத்து மலைக்குத்தான். அவுஸ்திரேலியாவில முதலாவது அதுதானே" என்றீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எதை வைத்து முதலாவது என்று கேட்டேன். உயரத்தை வைத்து என்றீர்கள். "உயரத்தை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது? கீழ நிண்டு படம்தானே எடுக்கிறம். தூரம்தான் முக்கியம், மெல்பேர்ணில இருந்து எங்கட மலைக்கு மூண்டே மணித்தியாலம்" என்றேன். "தூரம் பாக்கிறவர் மரக்கறிக் கடைக்குப் போகட்டும்" என்றீர்கள். பிறகு மண்டபக் கதைக்கு வந்தீர்கள். எத்தனையோ வருசமாகப் பழைய மாணவர் சங்கத்து பஸ்ஸை அங்கே கொண்டு போகிறீர்களாம், அங்கே ஒரு மண்டபம் இருக்கிறதாம், சோறு கறி சூடாக்கலாமாம், கதிரை போட்டு எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடலாமாம், ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்களாம். நான் சிரித்துவிட்டேன். "மலைக்கு மார்க் போடச் சொன்னா நீங்கள் குசினிக்கு மார்க் போடுறியள்" என்றேன். உண்மையிலேயே பனியில் சறுக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். சறுக்குப் பாதை எத்தனை, எவ்வளவு சரிவு, மேலே கொண்டுபோகிற லிஃப்டுக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும், இதையெல்லாம் பார்த்துத்தான் முதலிடம் கொடுப்பது என்று லோஜன் தொடங்கினார். "பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க வராதையுங்கோ" என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அடக்கினோம். காலில் ஒரு நாளும் சறுக்குப் பலகை பூட்டாத இரண்டு பேர்! அன்றைக்கு நாங்கள் கடைசியாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. "உங்கட மலையில கிடக்கிறது பனியே இல்லை, மெசின் துப்பினது. எங்கட ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டா அதைவிட வடிவான பனி கொட்டும்" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். நீங்கள் எழும்பிவிட்டீர்கள். செல்வமலர் விடியவே எழும்பிச் சுட்ட ரோல்ஸ், கடிக்காமல் அப்படியே தட்டோடு கதிரையில் இருந்தது. வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, "நாங்கள் போறம்" என்றீர்கள். எங்கள் சனம் செத்த வீட்டில் அல்லவோ போறம் என்று சொல்லிவிட்டுப் போகும்? மற்ற எந்த வீட்டுப் படி இறங்கினாலும் போட்டு வாறம் என்றுதானே சொல்லுவோம்? எனக்கு நெஞ்சில் குத்தினது அதுதான் அண்ணை. ஆனாலும் எனக்கும் ரோசம் இருக்கிறதே. எங்கள் மலையிலும் சூடாக்கிச் சாப்பிட இடம் இருக்கிறது என்று படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி, வாயை அடைக்க வேண்டும் என்று போன சனிக்கிழமை வெளிக்கிட்டேன்.

செல்வமலர் இடியப்பமும் சொதியும் கட்டினா. நான் கறன்ற் அடுப்பைப் போர்வையில் சுற்றிக் காருக்குள் வைத்தேன். துவாரகா வரமாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டாள். மலையடிவாரத்துக் கடையில், பனியில் வழுக்காமல் இருக்கக் கார்ச் சில்லுக்குச் சுற்றுகிற சங்கிலி வாடகைக்கு எடுத்தோம். பூட்டத் தெரியுமா என்று கடைக்காரப் பெடியன் கேட்டான், தெரியும் என்றேன். பாதி வழியில், சங்கிலி பூட்டு என்று பலகை போட்டிருந்த இடத்தில், சேற்றுக்குள் படுத்துக் கிடந்து, கை விறைக்க விறைக்க பின் சில்லு இரண்டுக்கும் பூட்டி, செல்வமலரைக் கொண்டு படமும் எடுப்பித்தேன். ஏற்றத்தில் கார் ஒரு முழம் ஏறும், இரண்டு முழம் வழுக்கும். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வாகனம். மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, உங்கள் காரை இழுப்பது முன் சில்லு ஐயா, சங்கிலியும் அதற்குத்தான் என்றான். இத்தனை வருசம் ஓடுகிற கார்! "உங்களுக்குத் தெரியும் எண்டல்லோ சொன்னீங்கள்" என்றா செல்வமலர். தெரியும் என்றுதான் சொன்னேன், எந்தச் சில்லு என்று சொல்லவில்லையே.

மேலே போனால் தலை வெடிக்கிற குளிர். பனி நல்ல பனிதான், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் இருக்க ஒரு கதிரை இல்லை. உள்ளே இருக்கிற மேசை எல்லாம் அவர்களிடம் சாப்பாடு வாங்கியவர்களுக்காம். செல்வமலர் சீலைக்கு மேலே என்னுடைய பெரிய ஜக்கெற்றும் றப்பர் பூட்ஸுமாக, சொதிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் குந்தியிருந்தா. கடைசியில் ஈரச் சப்பாத்துக் காயவைக்கிற அறை ஒன்றைக் கண்டுபிடித்தேன். சுவரில் ஒரே ஒரு பிளக். அதில் கொழுவியிருந்த, சப்பாத்துக் காயவைக்கிற மெசினைக் கழற்றிவிட்டு அடுப்பைக் கொழுவினேன். சொதி சூடாக்கியதோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திராது. "ரெண்டு செத்தல் மிளகாய் தாளிச்சுப் போட்டா இந்தக் குளிருக்கு நல்லா இருக்கும்" என்றா செல்வமலர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எண்ணெய்க்குள் மிளகாய் விழுந்ததுதான் தாமதம், பக்கத்து அறையில் ஒருவர் தும்மினார், பிறகு பத்துப் பேர் இருமினார்கள், பிறகு கூரையில் இருந்து அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது. முழுக் கட்டிடத்தையும் வெளியே இறக்கினார்கள். அவ்வளவு சனமும் பனியில் காலுறையோடு நின்றது, அவர்களுடைய சப்பாத்தெல்லாம் நான் மெசினைக் கழற்றின அறைக்குள்ளே கிடந்தது. தீயணைப்புக்காரர் பானையைத் திறந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொதி என்றேன். வேறு என்ன சொல்ல?

காருக்குள் இருந்து ஆறின இடியப்பத்தை வெறுமனே சாப்பிட்டோம். செல்வமலர் ஒரு வாய் வைத்துவிட்டு மூடிவிட்டா. "அவையள் எங்கட வீட்டில பச்சைத் தண்ணிகூடக் குடிக்காத மாதிரிப் போட்டினம். எனக்கு இறங்குதில்லை" என்றா. எனக்கும் இறங்கவில்லை அண்ணை. வீட்டுக்கு வந்தால், துவாரகா எங்கள் கோலத்தைப் பார்த்து இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, லோஜன் அவற்ற அப்பாவோட கதைக்கிறேல்லை. நானும் இனி உங்களோட கதைக்கேல்லை. ரெண்டு பேரும் சண்டையில வெண்டிட்டியள்தானே?" கோபம் வந்தால் இங்கிலீஷில் பொரிகிற பிள்ளை, தமிழில், சத்தம் போடாமல் கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே அண்ணை, இதனால் எழுத்தில் அறியத் தருகிறேன். உங்கட மலைதான் முதலாவது. உயரத்திலும் முதலாவது, மண்டபத்திலும் முதலாவது. எல்லாரும் ஒன்றாக இருந்து சூடாக ஒரு வாய் சாப்பிட இடமில்லாத மலைக்கு நான் எப்படி மார்க் போடுவேன்? நீங்கள் குசினிக்கு மார்க் போட்டது முழுக்கச் சரி. ஃபிரிட்ஜ் கதையையும் வாபஸ் வாங்குகிறேன். இனி என் வாழ்நாளில் எங்கட மலையைப் பற்றி உங்களுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டேன், இது சத்தியம். பிள்ளைகள் பாவம். நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும், நாங்கள் உங்கட மலைக்கு வந்து உங்கள் மண்டபத்தில் உங்களோடு இருந்து சாப்பிடுவோம்.

அக்காவுக்கு செல்வமலரின் அன்பு. லோஜன் தம்பிக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம், அன்றைக்கு அடக்கினதற்கு மன்னிப்பும் சேர்த்து. எல்லாரையும் எல்லாம் வல்ல முருகன் ஒரே மேசையில் இருத்துவானாக.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாக வரத் துடிக்கும்
சிறீஸ்கந்தராசா

பி.கு.: கடித உறையை நக்கி ஒட்டப் போகிற நேரம் போன் அடித்தது. சிவனேஸ்வரி அக்கா. "தம்பி, இவர் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர், ஆனா எனக்கு இஞ்ச வேற ஆரைத் தெரியும்? உங்கட மலையை ஒருக்கா ரகசியமாப் பாத்திட்டுப் போவம் எண்டு நேற்று வந்தனாங்கள். விடியவே மேலயும் போய்ப் பாத்திட்டம். இறங்கேக்க கார் பள்ளத்துக்க சறுக்கிப்போட்டுது. சங்கிலியைப் பின் சில்லுக்குப் பூட்டிப்போட்டார்" என்றா. பின்னால் உங்கள் குரலும் கேட்டது அண்ணை. "பனி நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்லிப்போடாதை!" என்றீர்கள். வடிவாகக் கேட்டது.

எனவே மேலே எழுதிய அனைத்தும் ரத்து, சத்தியம் உட்பட. சொந்த மலையை விட்டுவிட்டு பிளாக்டவுனில் இருந்து ஒரு முழுப் பகல் கார் ஓடி, களவாக வந்து பார்க்க வைக்கிற மலைதான் முதலாவது. எங்கட மலைதான் முதலாவது. கடிதத்துக்கு முத்திரை ஒட்டவில்லை, கையோடு கொண்டு வாறன். செல்வமலர் சொதியைப் பிளாஸ்க்கில் ஊத்துறா. துவாரகா கார்த் திறப்போட வாசல்ல நிக்கிறாள், "அப்பா, கெதியா" எண்டு சொல்லிப்போட்டாள், என்னோட கதைச்சிட்டாள் அண்ணை! ஒரு இடமும் அசையாதையுங்கோ. மூண்டே மணித்தியாலம், தூரம்தான் முக்கியம் எண்டு அண்டைக்கே சொன்னனான். இண்டைக்கு எங்கட வீட்டிலதான் சாப்பாடு, படுக்கை எல்லாம். நாளைக்கோ நாளையிண்டைக்கோ, நீங்கள் வாசலில சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போட்டு வாறம் எண்டு சொன்னாப் பிறகுதான் படலை திறப்பன்.