சந்தனம் வைத்த சுவிட்சு

ஸ்ரீவில்லிபுத்தூர்.

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மாப்பிள்ளை சோலைராஜ் அவர்களுக்கு, மைத்துனன் சிவபாண்டி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். இது இன்று காலை நிலவரம் மட்டுமே. மாலைக்கு நான் பொறுப்பேற்க இயலாது. அங்கு தங்கையும் குழந்தைகளும் நலமென்று, மாறான தகவல் வரும்வரை, கருதிக்கொள்கிறேன்.

தாங்கள் போனில், "ரெண்டு விரல்தான மச்சான், பேசி முடிச்சு விட்ருங்க" என்றீர்கள். அவ்விரல்கள் தங்கள் குப்பை லாரியில் வேலை பார்க்கும் பாண்டிசெல்வியினுடையவை என்பதால், விசாரிக்க ராஜபாளையம் வந்தேன். லாரி நிற்கும் இடத்தை யாரிடமும் கேட்க நேரவில்லை; தெருவெங்கும் அது ஒழுகவிட்ட கறுப்புத் தண்ணீரே என்னை அழைத்துச் சென்றது.

நடந்தது இது. கல்யாண மண்டபத்துக் குப்பையை உள்ளே தள்ளி நசுக்கும் தகட்டில் பந்தல் கயிறு சுற்றிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தினால் அடுத்த தெருவுக்கு நேரமாகிவிடும் என்பது தங்கள் மேஸ்திரியின் சட்டமாம். ஆகவே ஓடும்போதே பாண்டிசெல்வி கயிற்றை இழுத்தார், கயிறு அவரை இழுத்தது. உடனே நிறுத்தவென்றே லாரியின் பின்புறம் ஒரு சிவப்பு சுவிட்சு உண்டு. ஆயுத பூஜையன்று அதற்குத் தாங்களே சந்தனமும் குங்குமமும் வைத்து, குப்பைக் கையோடு எவரும் தொடலாகாது என்று உத்தரவிட்டிருந்தீர்கள். அருகில் நின்ற சக தொழிலாளி பால்ச்சாமி அதை மறக்கவில்லை. "செத்த பொறு, கை கழுவிட்டு வாரேன்" என்று குழாயைத் தேடி ஓடியிருக்கிறார். "ஏலே, அவ கையே போகுது, நீ கை கழுவப் போறியாலே?" என்று அலறிய வெள்ளத்தாய், குப்பை அள்ளிக்கொண்டிருந்த மறுபுறத்திலிருந்து சுற்றி ஓடிவந்து, "சாமி கேட்டா என் பேரச் சொல்லு" என்றபடி சாம்பார் வழிந்த கையாலேயே சுவிட்சை அமுக்கினார். தகடு நின்றது. விரல்கள் அதற்குள் போய்விட்டன. பால்ச்சாமி சுத்தமான கைகளோடு திரும்பி வந்தார். "மொதலாளி வைவாகன்னு பயந்துட்டேன் சார்" என்று என்னிடம் அழுதார்.

அதே லாரி இன்றும் ஓடுகிறது. சந்தனம் இருக்கிறது, கையுறை இல்லை. சுவிட்சைக் கழுவி, ஒழுகுவதை அடைத்து, ஆட்களுக்குக் கையுறை கொடுத்த பிறகே வண்டியை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாங்களும் தங்கையும் சகல நலன்களோடும், குறிப்பாகப் பத்து விரல்களோடும், நீடு வாழ வாழ்த்தும்,

சிவபாண்டி,
வழக்கறிஞர்.

பி.கு.: வாழ்த்து நீங்கலாக, இதைக் கடிதமாகக் கருத வேண்டாம், வழக்கறிஞர் அறிவிப்பாகக் கருதவும். பாண்டிசெல்வி நேற்று என்னிடம் வக்காலத்து கொடுத்துவிட்டார். வலக்கை உதவாததால் இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்தார். தனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதையும் கீழே எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.