பாதிக் கிளாஸ் இயக்கம்

மனிதகுலம் இதுவரை கண்ட துறவுகளில் மிகக் கடினமானது எது என்று யாராவது கேட்டால், காட்டுக்குப் போனவர்களின் பெயரைத் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். காட்டில் என்ன இருக்கிறது, துறப்பதற்கு? சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ கையில் சுடச்சுட இருக்க, அதைச் சரியாகப் பாதியில் நிறுத்திக் கிளாஸைக் கீழே வைக்கிறானே, அவன் துறவி. அப்படிப்பட்ட ஐந்து துறவிகள், ஒரே கூரையின் கீழ், அதுவும் கம்பத்தில், ஏலக்காய் வியாபாரி அப்துல் ஜலீல் ராவுத்தர் வீட்டில் வாழ்ந்தார்கள்.

அவர்களுடைய தவத்தை மிக அருகிலிருந்து காணும் பாக்கியம் ராவுத்தரின் மனைவி ஜெய்த்தூன் பீவிக்குக் கிடைத்தது. அருகில் என்றால், அடுப்படியிலிருந்து.

எல்லாம் டாக்டர் சொன்ன ஒரு சொல்லில் ஆரம்பித்தது.

"சுகர் பார்டர்ல இருக்கு பாய். தாண்டாமப் பாத்துக்கங்க. இனிப்பை ஒரேயடியா நிறுத்த வேணாம், படிப்படியாக் குறைங்க."

அப்துல் ஜலீல் குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி ஏலத்துக்குப் போய் வருகிறவர். பார்டர் என்றால் அவருக்கு வரிசையில் நிற்கும் லாரிகளும் பால் சேர்க்காத ஒரு கட்டஞ்சாயாவும் ஞாபகம் வரும். அந்தப் பார்டர் தம் உடம்புக்குள்ளேயே வந்துவிட்டது என்றதும் ஆடிப்போனார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, "அந்தப் பக்கம் போயிருச்சுன்னா திரும்ப விட மாட்டானாம்" என்று அறிவித்தார். குடும்பமே கலங்கியது.

மூத்த மகன் ஷானவாஸ் மட்டும் கலங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். எந்தத் துயரத்துக்கும் ஒரு 'ஸ்கீம்' உண்டு என்பது அவன் அனுபவம். அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்ததும் கூடத்தில் அவசரக் கூட்டம் கூட்டினான். புது மனைவி ரிஸ்வானா, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டு மீதி நேரமெல்லாம் ஜிம்மில் புஜம் வளர்க்கும் தம்பி நௌஷாத், ஏழாம் வகுப்புத் தங்கை ஷர்மின் ஆகியோர் கலந்துகொண்டார்கள். ஜெய்த்தூன் பீவி டீ கொண்டுவந்து வைத்த வகையில் கலந்துகொண்டாள்.

"அத்தாவ மட்டும் கொறைக்கச் சொன்னா மனசு ஒடஞ்சுபோவாக" என்றான் ஷானவாஸ். "அதனால நாம எல்லாரும் சேந்து கொறைக்கிறோம். இனிமே எந்த இனிப்பா இருந்தாலும் பாதி. அதுக்கு மேல தொண்டையில எறங்கக் கூடாது."

ராவுத்தரின் கண்கள் கலங்கின. தம் சர்க்கரைக்காகப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஜெய்த்தூனுக்கும் சந்தோஷமாக இருந்தது. "நல்லதாப் போச்சு. நாளையில இருந்து எல்லாருக்கும் அர கிளாசே ஊத்துறேன்" என்றாள்.

துறவிகள் திடுக்கிட்டார்கள்.

"அதுல என்னம்மா தியாகம் இருக்கு?" என்றான் நௌஷாத். "முழு கிளாசு முன்னாடி இருக்கணும். அதப் பாத்துக்கிட்டே நிறுத்தணும். அதுக்குப் பேருதான் கன்ட்ரோல்."

"அப்ப சீனியாச்சும் கொறச்சுப் போடவா?"

"அது நீ கொறைக்கிறது. நாங்க எப்பக் கொறைக்கிறது?" என்று கேட்டான் ஷானவாஸ்.

ராவுத்தர் பிள்ளைகளை அமர்த்தினார். "விடுங்கப்பா. அது சொல்றது அடுப்படி யோசன. இது கொள்கை."

கொள்கைக்கு முன்னால் அடுப்படி பின்வாங்குவதுதான் முறை. 'பாதிக் கிளாஸ் இயக்கம்' ஏகமனதாக நிறைவேறியது. ஜெய்த்தூன் அப்போது பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போயிருந்ததால், அவளுடைய மனது அந்த ஏக மனதில் சேர்க்கப்படவில்லை.

மறுநாள் காலை ஐந்து கிளாஸ்கள் அடுப்படிக்குத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் பாதி டீ. மேலே மெல்லிய ஆடை. ஜெய்த்தூன் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உணவை வீணாக்குவது பாவம் என்று சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவள். ஓதியதோடு நிற்காமல் அதை நம்பியும் தொலைத்தவள். பால் கொடுத்த மாடு, எங்கோ வெயிலில் கரும்பு வெட்டியவன், மேகமலையில் அட்டைக்கடியோடு கொழுந்து கிள்ளிய முகம் தெரியாத ஒருத்தி, எல்லாரும் சேர்ந்து மறுமையில் தன்னைக் கேள்வி கேட்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. "பிஸ்மில்லாஹ்" என்று முதல் கிளாஸை எடுத்தாள். ஐந்தையும் முடித்ததும், இனித் தனக்கென்று தனியாக டீ போட வேண்டியதில்லை என்ற திருப்தி வேறு.

ரிஸ்வானா நல்ல பிள்ளை. பின்னாலேயே வந்து, "மாமி, நான் பாதிகூடக் குடிக்கல. ஒங்களுக்குன்டு கொஞ்சம் கூடவே வச்சிருக்கேன்" என்று தன் அன்பையும் கிளாஸில் விட்டுப்போனாள்.

இயக்கம் வளர்ந்தது. விரைவிலேயே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. துறப்பதற்கு வீட்டில் போதுமான இனிப்பு இல்லை. முன்பெல்லாம் கல்யாணம் காட்சி என்றால்தான் லட்டு. இப்படி இருந்தால் மனக்கட்டுப்பாடு துருப்பிடித்துவிடும் என்று ராவுத்தர் கவலைப்பட்டார். ஏலம் முடிந்து வரும்போதெல்லாம் ஜிலேபி, பால்கோவா, அல்வா என்று வாங்கி வந்தார். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்குப் பாதியைக் கடித்து, மிச்சப் பாதியைக் கண்ணில் நீர் மல்கத் தட்டில் வைப்பார்கள். தட்டு அடுப்படிக்குப் போகும்போது ராவுத்தர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி இருக்கும் அவர் முகம்.

தட்டு காலியாகத் திரும்பி வரும். இனிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. துறந்ததைத் திரும்பிப் பார்ப்பது துறவுக்கு அழகல்ல.

கோம்பையிலிருந்து பேச்சிமுத்து வந்தார். ராவுத்தரின் நெடுநாள் சிநேகிதர், திராட்சைத் தோட்டக்காரர். ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொண்டுவந்திருந்தார். குடும்பமே ஆளுக்கொரு கொத்து எடுத்து, பாதியைத் தின்று, பாதியைக் காம்போடு வைத்ததைக் கண்டு அசந்துபோனார்.

"எப்படி மாப்ள இது? எங்க வீட்ல ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான்."

"மனசுதான் மச்சான்" என்றார் ராவுத்தர் அடக்கமாக.

"நானும் பாதியில நிறுத்திப் பாத்தேன். மிச்சம் வைக்கிற எடத்துலதான் இடிக்குது. மிச்ச டீய எங்க நாய்க்கு ஊத்தலாம்னு போனா, மாட்டாசுபத்திரி டாக்டரு கூடவே கூடாதுன்டாரு. நாய்க்கு இனிப்பு ஆகாதாம். கண்ணு மங்கிருமாம். கோம்ப நாய்யா, காவலுக்கு நிக்கிற சீவன், அதுக்குக் கண்ணு போச்சுன்னா வீடு என்ன ஆகும்? விட்டுட்டேன்."

"அல்லா காப்பாத்துனான். வாயில்லா சீவன், அதுக்குப் போயி இனிப்பு வைக்கலாமா?" என்றார் ராவுத்தர். குடும்பத்தார் அனைவரும் அந்த நாய்க்காக இரக்கப்பட்டார்கள்.

"பாவம்" என்றாள் ஜெய்த்தூனும், திராட்சைத் தட்டை எடுத்துக்கொண்டே.

"ஒங்க வீட்ல மிச்சத்த என்ன மாப்ள செய்றீக?"

ராவுத்தர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. "நம்ம வீட்ல எதுவும் வீணாகாது மச்சான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

பாதி கைவந்ததும் இயக்கம் அடுத்த கட்டத்துக்கு உயர்ந்தது. கால் கிளாஸ். அதன் பிறகு, ஒரே ஒரு மடக்கு. துறவிகள் உயர உயர, அடுப்படிக்குத் திரும்பும் கிளாஸ்களும் உயர்ந்தன. கடைசியில் ஐந்தும் ஏறக்குறைய நிரம்பியே வந்தன. ஜெய்த்தூன் எல்லாவற்றுக்கும் பிஸ்மில்லாஹ் சொன்னாள்.

அவளுக்கு அந்த நாட்களில் என்னவோ போலிருந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறண்டது. ஆடிக் காற்று, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். கால் பெருவிரலில் அம்மிக் குழவி விழுந்து ஏற்பட்ட புண்ணுக்கு மஞ்சள் வைத்தாள், மருந்து வைத்தாள். அது ஆறவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. இது என்னவென்று யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் பயத்தோடு அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் துணிந்து ஆரம்பித்தாள். "ஏங்க, எனக்குக் காலுல..."

"செத்த பொறு ஜெய்த்தூனு" என்றார் ராவுத்தர். "ஷானவாசு மிஷினோட வந்திருக்கான்."

சவுதியிலிருந்து வந்த மச்சான் ஒருவன் கொடுத்த சர்க்கரை மிஷின் அது. விரலைக் குத்தி ஸ்ட்ரிப் என்கிற பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் எண் சொல்லும். அன்று சாயங்காலமே 'சாதனை விழா' ஏற்பாடாயிற்று. விழா என்றால் துறப்பதற்கு ஜிலேபி வேண்டும், டீ வேண்டும். எல்லாரும் ஒரு கடி, ஒரு மடக்கு. தட்டு உள்ளே போயிற்று. ஜெய்த்தூன் அதை வீணாக்கிவிடாமல் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள், இன்னொரு சுற்று டீ வேண்டும் என்றார்கள். அதுவும் வந்து, ஒரு மடக்குக் குறைந்து, கிளாஸ்கள் கூடத்திலேயே வரிசையாக நின்றன. அதன் பின்னர் பரிசோதனை.

ராவுத்தர் விரலை நீட்டினார். மிஷின் எண்ணைக் காட்டியதும் ஷானவாஸ் எழுந்து நின்றான். "அத்தா, பார்டருக்கு இந்தப் பக்கம் வந்துட்டீக."

வீடே கைதட்டியது. அடுத்து ஷானவாஸ், ரிஸ்வானா, ஷர்மின். எல்லாரும் சொக்கத் தங்கம். நௌஷாத்தின் முறை வந்ததும் அவன் ஊசியைப் பார்த்தான், புஜத்தைப் பார்த்தான், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வாசலுக்குப் போய்விட்டான். அவனுடைய ஸ்ட்ரிப் ஒன்று மிஞ்சியது.

ஷானவாஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். "இன்னைக்கோட தேதி முடியுது. சும்மா போயிரும்."

"வீணாக்கக் கூடாதுப்பா" என்றார் ராவுத்தர். "அம்மாவுக்கு வச்சிரு."

அந்த வீட்டில் மிஞ்சும் எதுவும் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கேயே அந்த ஸ்ட்ரிப்பும் போய்ச் சேர்ந்தது.

"எனக்கெதுக்குப்பா" என்றாள் ஜெய்த்தூன்.

"ஆமா, அம்மாதான் எதுவும் திங்கிறதில்லையே" என்றாள் ஷர்மின். உண்மைதான். அவள் தின்று யாரும் பார்த்ததில்லை.

விரலைக் குத்தினான். மிஷின் சற்று நேரம் யோசித்தது. மற்றவர்களுக்கெல்லாம் எண் காட்டிய மிஷின், ஜெய்த்தூனுக்கு எண் காட்டவில்லை. ஷர்மின் குனிந்து எழுத்துக் கூட்டினாள்.

"ஹெச்சு, ஐ. ஹாய். அம்மா, மிஷினு ஒனக்கு ஹாய் சொல்லுது."

கூடம் சிரிப்பில் குலுங்கியது. ஆபத்து நீங்கிவிட்டதை அறிந்து உள்ளே வந்த நௌஷாத், "நமக்கெல்லாம் வெறும் நம்பரு, அம்மாவுக்கு மட்டும் மரியாதையப் பாரேன்" என்றான்.

"ஹாய்னா என்னத்தா?" என்று மகளிடம் கேட்டாள் ஜெய்த்தூன்.

"எப்படி இருக்கீகன்டு கேக்குதும்மா."

ஜெய்த்தூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. மிஷின் பக்கம் கொஞ்சம் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"இருக்கேன்ப்பா. பெருவெரல்ல ஒரு புண்ணு, எத வச்சாலும் ஆறல. எந்நேரமும் தண்ணி தவிக்குது. ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு ஒண்ணுக்குப் போறேன். கண்ணு மங்கலா இருக்கு, ஊசியில நூலு கோக்க முடியல. மத்தபடி அல்லா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. கடைசியாக நின்றது ராவுத்தருடையது. புண் இருக்கிறதா, தாகம் எடுக்கிறதா, ராத்திரி எழுந்திருக்கிறீர்களா, கண் மங்குகிறதா என்று டாக்டர் அவரிடம் வரிசையாகக் கேட்டதும், அவர் எல்லாவற்றுக்கும் "இல்ல, இல்ல" என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தன.

ஷானவாஸ் மிஷின் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தான். படித்துவிட்டு மடிக்க மறந்தான்.

"ஹாய் இல்லத்தா. ஹை. சுகரு ரொம்பக் கூட, மிஷினுக்கு இதுக்கு மேல எண்ணத் தெரியாதுன்டு அர்த்தம்."

"பார்டர் தாண்டிருச்சா?" என்று பதறினாள் ஜெய்த்தூன். கணவருக்கு என்று நினைத்துத்தான் பதறினாள்.

 அத்தனை பேர் முன்னாலும் நிரம்பிய கிளாஸ்கள் நின்றன. ராவுத்தர் தம் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து, அடுப்படிக்குள் போனார். அங்கே எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தொட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, கிளாஸைச் சாய்த்தார்.

"கொட்டிராதீக, பாவம்" என்று கூடத்திலிருந்து ஜெய்த்தூனின் குரல் வந்தது.

"இந்தப் பாவம் என்னோட இருக்கட்டும்" என்றார் ராவுத்தர். கொட்டிவிட்டு, கிளாஸைத் தாமே கழுவிக் கவிழ்த்தார். சரியாகக் கழுவவில்லை. ஆனாலும் கழுவினார். கூடத்தில் ரிஸ்வானா மாமியாரின் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து, அந்தப் புண்ணை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நௌஷாத் ஆட்டோ பிடிக்க ஓடினான்.

இயக்கம் தோற்றுவிட்டது என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். பொறாமை. ஐந்து பேர் சர்க்கரையைக் குறைத்தார்கள், அந்தக் கடைசிச் சுற்று வரை ஒரு சொட்டு டீகூட வீணாகவில்லை. இதைவிட ஓர் இயக்கம் வேறென்ன சாதிக்க முடியும்? இருந்தாலும் பாராட்டில் பெரும்பங்கு அந்த மிஷினுக்குத்தான் சேர வேண்டும். அத்தனை பேர் நிறைந்த வீட்டில், இத்தனை காலத்தில், ஜெய்த்தூன் பீவியை "எப்படி இருக்கே" என்று கேட்டது அது ஒன்றுதான்.

அதுவும் கேட்கவில்லை. கேட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள்.