பன்னிரண்டும் வெள்ளை

ராடெக் ஐந்தரைக்கு எழுந்தான். தேநீர் போட்டான். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றான். ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தான். பிப்ரவரியில் மனைவி இறந்ததிலிருந்து இதே வரிசைதான்.

வேலை, க்ரூயெட்ஸ் ஊரின் ஆப்பிள் குளிர்கிடங்கில். அங்கே ஓர் இயந்திரம் ஒவ்வோர் ஆப்பிளுக்குள்ளும் ஒளியைப் பாய்ச்சி, அறுக்காமலே உள்பழுப்பைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடும். தள்ளியதில் பன்னிரண்டை, பழம் பிரிக்கும் பெண்களில் ஒருத்தியான யத்விகா அவன் மேசைக்குக் கொண்டுவருவாள். அவன் அறுத்து, இயந்திரம் சொன்னது சரிதானா என்று குறிப்பான். பிறகு நல்ல பகுதிகளைத் தின்பான். மதியச் சாப்பாடு அதுதான்.

திங்கட்கிழமை அறுத்தான். பன்னிரண்டும் பால்வெள்ளை.

"நல்ல பழத்தை எல்லாம் தள்ளுது இந்த மெஷினு," என்றான் மேலாளர் லெஷெக்கிடம்.

"அப்போ மெஷினோட கண்டிப்பைக் குறைச்சு விடு."

குறைத்தான். புதன்கிழமை பெர்லினிலிருந்து லாரி திரும்பி வந்தது. பாதிப் பழம் உள்ளே பழுப்பு.

"ஜெர்மன்காரன் போன்ல கத்தின கத்துல எனக்கு இந்தக் காது அடைச்சுப்போச்சு. கூட்டி வைடா!" என்றார் லெஷெக்.

கூட்டினான். பெட்டி பெட்டியாகக் கழிவில் விழுந்தது. பழம் கொடுத்த தோட்டக்காரர் ஓடிவந்தார்.

"இது மெஷினா, என் மாமியாரா? எதைக் குடுத்தாலும் நொட்டை சொல்லுது!"

ராடெக் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தான். விளக்கை மாற்றினான். அறுத்தான். வெள்ளை. மறுநாளும் அறுத்தான். வெள்ளை.

லெஷெக் வந்து நின்றார். "சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடு. பழுது மெஷினா, நீயா? ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும்."

வேலை போனால் பகல் முழுவதையும் அந்த வீட்டில் கழிக்க வேண்டும். ராடெக் தாளை எடுத்தான். 'இயந்திரம் பழுது' என்று எழுதத் தொடங்கினான்.

அன்றைய தட்டுடன் வந்த யத்விகா எட்டிப் படித்தாள்.

"ஐயையோ, எழுதாத! அது மேல ஒரு குத்தமும் இல்ல."

"அப்போ பன்னிரண்டும் வெள்ளையா இருக்கே அக்கா? எப்படி?"

யத்விகா தட்டை வைத்தாள். கையை மேலங்கியில் துடைத்தாள்.

"நாங்க பொம்பளைங்கதான் நல்ல பழமா மாத்தி வெச்சோம். போன வெள்ளிக்கிழமை நீ பழுப்பையும் சேத்துத்தான் தின்னுட்டிருந்த தம்பி, உனக்கே தெரியல."