தாம்பூலத்தில் போன படை

எனக்கு மரியாதையாகக் கதைக்க வராது. ஏசி திருத்துகிற தொழில். "இதை அஞ்சு வருசமா நீங்கள் கழுவேல்லை, அதுதான் நாறுது" என்று வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் ஏணியில் ஏறுவேன். வாழ்க்கையில் ஒரேயொரு தடவை, சொல்லிக்கொடுத்தபடி பணிவாக ஒரு வசனம் பேசினேன். அந்த ஒரு வசனத்தில் எழுபத்து மூன்று போர்வீரர்களை இழந்தேன். கல்யாணத்தையும் இழந்திருப்பேன், ஒரு மனுசி குறுக்கே வராவிட்டால்.

நான் பிளாஸ்டிக் போர்வீரர்கள் சேர்க்கிறவன். நெப்போலியன் காலத்து ஆட்கள் மட்டும். (முப்பத்திரண்டு வயது ஆம்பிளைக்கு இது தேவையா என்று கேட்க விரும்புகிறவர்கள் வரிசையில் நிற்கவும். முதலாவதாக என் அம்மா நிற்கிறார்.) ஒரு ஆள் என் சுண்டுவிரலில் பாதி உயரம். கனடாவில் இருக்கும் அக்கா, பிள்ளைகளின் பழைய உடுப்புகளோடு பெட்டி பெட்டியாக அனுப்புவாள். சாம்பல் நிறத்தில் வெறும் பிளாஸ்டிக்காக வரும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவவேண்டும். வளைந்த துப்பாக்கியைச் சுடுதண்ணீரில் பிடித்து நிமிர்த்தவேண்டும். பிறகு நாலு மயிர் உள்ள தூரிகையால் நீலக் கோட்டு, வெள்ளைப் பட்டி, சிவப்புத் தோள்குஞ்சம். மீசை வைக்கும்போது மூச்சுவிடக்கூடாது. ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று மாலை வேலை. கரடித்தோல் தொப்பி போட்ட நெப்போலியனின் மெய்க்காவல் படை மட்டும் தொண்ணூற்றாறு பேர். நாலு வருசம் எடுத்தது.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் கண்ணாடி அலுமாரியில், அம்மாவின் சீனக் கோப்பைகளைத் துரத்திவிட்டு இவர்கள்தான் நின்றார்கள்.

ரேணுகாவை ஒரு பல் வைத்தியரின் இடத்தில் சந்தித்தேன். வரவேற்பு மேசையில் இருந்தாள். நான் அவளிடம் பேசிய முதல் வசனம், "உங்கட ஏசிக்குள்ள எலி செத்துக் கிடக்குது" என்பது. அவள் சிரித்தாள். அதற்குச் சிரிக்கிற பெண்ணை விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அவர்கள் கொட்டாஞ்சேனைக்காரர். ரேணுகாவின் பூட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து பித்தளைப் பாத்திரக் கடை போட்ட குடும்பம். நாங்கள் யாழ்ப்பாணம். இரண்டு பக்கமும் ஒரு வருசம் முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சம்மதித்தார்கள். விஜயதசமி அன்று அவர்கள் வீட்டில் தட்டு மாற்றுவது என்று பேச்சு முடிந்தது.

அந்த வீட்டில் நவராத்திரிக்கு ஏழு படி வைத்துக் கொலு. எங்கள் வீட்டில் நவராத்திரி என்றால் ஒரு கும்பம், ஒரு சரஸ்வதி படம், பூசை முடிய அவல். பொம்மையும் இல்லை, வந்த பெண்களுக்குத் தாம்பூலம் கொடுத்து அனுப்புகிற வழக்கமும் இல்லை. எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

கொலு வைப்பதற்கு முதல் நாள் ரேணுகாவின் அம்மா போன் எடுத்தார். "தம்பி, நீங்க பொம்மையெல்லாம் வச்சிருக்கீங்களாம். நம்ம கொலுவுக்குக் கொஞ்சம் கொண்டாங்களேன்."

என் பொம்மைகளைப் பார்க்க ஆசைப்பட்ட முதல் மனிதர் அவர். மெய்க்காவல் படை முழுவதையும், வெள்ளைக் குதிரையில் நெப்போலியனையும் இரண்டு பிஸ்கட் டின்களில் பஞ்சு வைத்து அடுக்கினேன். ஓட்டோவில் போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மல்லி, ஹெமின் யன்ன" என்று கெஞ்சினேன். மெதுவாகப் போகச் சொல்லி நான் கெஞ்சியதைப் பார்த்து, டின்னுக்குள் முட்டையா என்று அந்த ஆள் கேட்டான்.

வாசலில் வைத்தே ரேணுகா காதுக்குள் சொன்னாள். "அம்மாகிட்ட பணிவா பேசுங்க. முடியலன்னா வாயத் தொறக்காதீங்க."

மாமி டின்னைத் திறந்து பார்த்தார். கண் விரிந்தது. "இவ்வளவுமா நமக்கு?"

"உங்களுக்குத்தான் மாமி. நீங்கள் விரும்பின மாதிரிச் செய்யுங்கோ" என்றேன்.

அதுதான் அந்த வசனம்.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து பின்னேரம் போனேன். போகிற வழியெல்லாம், ஏழு படியிலும் என் படை அணிவகுத்து நிற்பதாகக் கற்பனை. படம் எடுக்கப் போனின் கமராக் கண்ணாடியைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். வீடு நிறையப் பட்டுச்சேலைகள். கடலைச் சுண்டல் வாசம். கொலுவைப் பார்த்தேன். ஐந்தாம் படியில், மளிகைக் கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மைக்கும் அவர் மனைவிக்கும் நடுவில், நெப்போலியன் தனியாகக் குதிரையில் இருந்தார். பருப்பு வாங்க வந்தவர் மாதிரி.

"மாமி, மற்ற ஆக்கள் எங்க?"

"அதை ஏன் கேக்கிறீங்க தம்பி" என்றார் மாமி, முகமெல்லாம் பூரிப்பு. "இந்த வருசம் நம்ம வீட்டுத் தாம்பூலம்தான் கொட்டாஞ்சேனை பூராப் பேச்சு. இதுவரைக்கும் எழுபத்திரெண்டு பேருக்குக் குடுத்துட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக் கமலா அக்கா விடைபெற எழுந்தார். மாமி ஒரு தட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், ஜாக்கெட் துண்டு. அதன் மேல், வாழைப்பழத்தில் சாய்ந்தபடி, என் மெய்க்காவல் படைக்காரன் ஒருவன். கமலா அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார்.

நான் எட்டிப் பறித்தேன்.

பொம்மையை மட்டும்தான் பறிக்க நினைத்தேன். தட்டும் சேர்ந்து சரிந்தது. குங்குமம் அவர் சேலையெல்லாம் கொட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நாலு வருசம் இருந்து பெயின்ட் பண்ணினது இது. தேங்காய்ச் சொட்டுக் குடுக்கிற மாதிரி ஊருக்குக் குடுத்திட்டீங்களோ? ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

பட்டுச்சேலைகள் எல்லாம் அப்படியே உறைந்தன. கமலா அக்காவின் கை இன்னும் ஏந்தியபடி வெறுமையாக இருந்தது. மாமியின் முகம் வெளிறிப்போனது. அழுவாரோ என்று பார்த்தேன், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும்.

ரேணுகா என்னை முன்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "வெள்ளிக்கிழமை, சுமங்கலி கையில குடுத்த தாம்பூலத்தைப் பறிச்சிருக்கீங்க. நம்ம தட்டு மாத்த இன்னும் நாலு நாள்தான் இருக்கு. என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது. என்ர ஆக்களைத் திருப்பி எடுக்கப் போறன்" என்றேன்.

(இந்த இடத்தில் என்னை நானே செருப்பால் அடிக்க விரும்புகிறேன். அவள் பேசியது கல்யாணத்தைப் பற்றி. நான் பேசியது பிளாஸ்டிக்கைப் பற்றி.)

அந்த ஒழுங்கையிலேயே வீடு வீடாகக் கதவைத் தட்டத் தொடங்கினேன். முதல் வீட்டில் ஒரு அம்மா பொம்மையை என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வெற்றி என்று நினைத்தேன். இரண்டாம் வீட்டில் சாமியறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முருகனுக்கும் லட்சுமிக்கும் இடையில் என் ஆள் துப்பாக்கியோடு நின்றான். நெற்றியில் குங்குமம், காலடியில் செவ்வரத்தம் பூ. அவனுக்கு நான் நாலு வருசத்தில் கொடுக்காத மரியாதை.

அந்த வீட்டுப் பெண் பொம்மையை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். மெதுவாகக் கேட்டார். "ஏன் தம்பி, கல்யாணம் நின்னு போச்சா?"

"இல்லையே. ஏன் கேக்கிறீங்கள்?"

"நல்லது நடக்கப்போற வீட்டுத் தாம்பூலத்தை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. நின்னுபோனாத்தான் கேப்பாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் இருந்த இரண்டு பொம்மைகளும் திடீரென்று இரும்பு மாதிரிக் கனத்தன. நான் வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் ரேணுகாவின் அப்பா போன் எடுத்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். "தசமிக்கு நீங்க வரவேணாம். உங்க அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார், வைத்துவிட்டார்.

அம்மா விசயத்தை முழுவதும் கேட்டார். "பொம்மைக்குச் சண்டை பிடிச்சுப் பொம்பிளையை விட்டிட்டு வந்து நிக்கிறாய். என்ர வயித்தில பிறந்ததுக்கு மூளை எங்க போனது?" அலுமாரியைத் திறந்தார். வெறுமையாகக் கிடந்த தட்டில் சீனக் கோப்பைகளைத் திரும்ப அடுக்கினார். ஒவ்வொரு கோப்பையையும் 'டங்' என்று வைத்தார். ரேணுகா என் போனை எடுக்கவில்லை. பதினேழு தடவை அடித்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் மாமியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நாளைக்குக் காலையில வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க. கமலா அக்கா வீட்டுக்குப் போறோம். அங்க நீங்க கத்தக்கூடாது."

"மாமா வரவேண்டாம் எண்டவர்."

"அவர் சொன்னது தசமிக்கு. நான் சொல்றது ஞாயித்துக்கெழமைக்கு."

போனேன். மாமி தட்டோடு வாசலிலேயே நின்றார். முதல் வீட்டில் நான் வாங்கிவந்த பொம்மையை, அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுக்க வாங்கி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்கு இருபது அடி தூரம்தான். அந்த இருபது அடியில் நான் கேட்டேன், "மாமி, அது கொலுவுக்கு எண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"ஒரே மாதிரி தொண்ணூத்தாறு கொண்டாந்து குடுத்தா, யாரு தம்பி கொலுவுக்குன்னு நினைப்பா? கொலுவுக்கு ஒண்ணுதான் வைப்பாங்க. தாம்பூலத்துக்குத்தான் ஒரே மாதிரி டஜன் கணக்குல வாங்குவாங்க. மாப்பிள்ளை வீட்டுச் சார்பா கொண்டாந்திருக்கீங்கன்னு நினைச்சு, எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன்."

அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"நீங்க பெயின்ட் அடிச்சதுன்னு தெரியாது" என்றார் மறுபடி. "மெஷின்ல செஞ்சதுன்னு நினைச்சேன். அவ்வளவு சுத்தமா இருந்துச்சு."

நாலு வருசத்தில் என் வேலையைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. நான் யாரைப் பார்த்துக் கத்தினேனோ அந்த மனுசியே அதைச் சொன்னார், அதுவும் எனக்காக மன்னிப்புக் கேட்கப் போகிற வழியில். எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கமலா அக்கா கதிரையில் இருந்தார், எழும்பவில்லை. மாமி தட்டை என் கையில் தந்தார். பறித்த பொம்மையை அதன் மேல் வைத்தேன். "அக்கா, நான் செய்தது பிழை. எனக்கு இந்த முறை தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கத்தியிருப்பன், எனக்கு அப்படித்தான் வரும். அதுவும் பிழைதான்" என்றேன். ஒத்திகை பார்த்த வசனம் அது இல்லை. ஒத்திகை பார்த்தது மறந்துவிட்டது.

அவர் என் வலது கையைப் பார்த்தார். "பறிச்ச கைதானே இது. ரெண்டு கையாலயும் குடுங்க."

இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் எழுந்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மாமியிடம், "பரவால்ல, மாப்பிள்ளைக்குப் பொய் பேச வரலை" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாமி, மாமாவிடம் நேரே போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். "கேக்காமக் குடுத்தது நான். அவர் பண்ணுனது தப்பு, நான் பண்ணுனதும் தப்பு. ரெண்டும் கழிஞ்சு போச்சு. தசமிக்கு வரச் சொல்லுங்க." மாமா ஏதோ முணுமுணுத்தார். மாமி சொன்னார், "கோவத்தை மறைக்கத் தெரியாத மனுசன்கிட்ட என் பொண்ணு பயப்படாம இருப்பா. சிரிச்சுக்கிட்டே அறுக்கிறவனைத்தான் எனக்குப் பயம்."

என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக நானே யோசித்ததில்லை.

தசமி அன்று அம்மாவோடு போனேன். வாயைத் திறப்பதில்லை என்று சபதம். எங்கள் தட்டுகள் ஒரு பக்கம், அவர்கள் தட்டுகள் ஒரு பக்கம். அவர்கள் பக்கம் பதினொரு தட்டு. பழம், பலகாரம், வேட்டி, சட்டை. பதினோராவது தட்டு சிவப்புத் துணியால் மூடியிருந்தது. மாமி துணியை எடுத்தார்.

என் படை. நெருக்கியடித்து நின்றது. ஒவ்வொருவனின் கரடித்தோல் தொப்பியிலும் ஒரு குங்குமப் பொட்டு.

தாம்பூலத்தைத் திருப்பி வாங்கக்கூடாது. ஆனால் மாப்பிள்ளைக்கு யாரும் சீர் கொண்டுவரலாம். மாமி அந்த இரண்டு நாளும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, "எங்க மாப்பிள்ளைக்கு நீங்களும் ஒரு சீர் வைங்க" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்கள் தாங்களே கொண்டுவந்து, பொட்டு வைத்து, தட்டில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவைச் சாத்திய அம்மாவும் கூடத்து மூலையில் நின்றார். இரண்டாம் வீட்டுப் பெண், "இப்ப எடுத்துக்கங்க தம்பி" என்றார். கொடுக்காமல் மிஞ்சியிருந்த இருபத்து மூன்று பேரோடு அறுபத்தொன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவனின் துப்பாக்கியை ஒரு குழந்தை சப்பித் தின்றிருந்தது. மூவர் காணாமல் போயிருந்தார்கள், அதில் ஒருவன் உறவுக்காரரோடு நீர்கொழும்புக்குப் போனதாகத் தகவல். கமலா அக்கா தன்னுடையதைத் தரவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

தட்டு மாறியது. வாயைத் திறப்பதில்லை என்ற சபதத்தை மீறி மாமியிடம் "நன்றி" என்றேன். இன்னொரு சொல் சேர்த்திருந்தால் அழுதிருப்பேன்.

அந்தக் குங்குமத்தை நான் சுரண்டவில்லை. கோட்டின் நீலம் ஒரு துளி வெளிறினாலும் இணையத்தில் அந்நியர்களோடு மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கிற ஆள் நான். ஒருமுறை படம் போட்டபோது ஒரு பிரெஞ்சுக்காரர், தொப்பியில் சிவப்புப் புள்ளி வைத்த அணி எது, தான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லையே என்று விசாரித்தார். கொட்டாஞ்சேனை அணி என்று பதில் போட்டேன். ஆள் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்.

கல்யாணமாகி ஆறு வருசம். இப்போதும் அந்த வீட்டில் யாராவது யாருக்காவது எதையாவது கொடுத்தால், ஒரு கரண்டி சீனியாக இருந்தாலும், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். "மாப்பிள்ளைகிட்ட கேட்டாச்சா?" மாமாதான் அதிகம் கேட்பார். அதிகம் பேசாத மனிதர், இதற்கு மட்டும் வாய் திறப்பார். நவராத்திரி வந்தால் சொல்லவே வேண்டாம். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கமலா அக்கா தாம்பூலப் பையை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். சுண்டல் சாப்பிட்டு முடித்து நான் கிளம்பும் வரைக்கும் அந்தக் கைகளை எடுக்கமாட்டார்.