தனகோட்டியார் இடைவேளை வென்ற காதை

இடைவேளைக்கு அதிபதியே! வெங்காய சமோசாவின் வேந்தே! முண்டியடிக்கும் கைகளுக்கு நடுவே ராஜகிரி மதிலென அசையாது நின்று, ஒரு கையால் டீயும் மறு கையால் சில்லறையும் வழங்கிய செஞ்சித் தியேட்டரின் கேன்டீன் காவலரே, தனகோட்டியாரே, உம்மைப் பாடுகிறோம்! சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவரும், வல்லத்திலிருந்து பஸ்ஸேறி வந்தவரும், திரையில் எந்த நாயகனைக் கும்பிட்டாலும், விளக்கெரிந்ததும் உம்மையன்றோ தேடி ஓடிவந்தனர்!

அத்தகைய பெருமான் தலையில்தான் இடி விழுந்தது. ஊரே காத்திருந்த பெரிய நடிகரின் புதுப்படம், தியேட்டரை எட்டியும் பாராமல், நேராக ஓடிடியில் இறங்கியது. 'இனி இந்தத் தயாரிப்பாளரின் எந்தப் படத்தையும் திரையிடோம்' என்று தியேட்டர் உரிமையாளர்கள் சூளுரைத்தனர். 'குடும்பத்தோடு வீட்டிலேயே பாருங்கள்' என்று தயாரிப்பாளர் முழங்கினார். அறிக்கைக் கணைகள் டிவிக்கு டிவி பறந்த அந்த மகாயுத்தத்தில், தம் பங்குக்குத் தனகோட்டியாரும் ஒரு சபதம் செய்தார்.

"அந்தப் படத்த என் ஊட்ல எவனாவது போட்டீங்க, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஆள் வராமல் காட்சி ரத்தாக, விற்காத சமோசாத் தட்டை ஏந்தி, தேரிழந்த மன்னனைப் போல அவர் வீடு திரும்பினார். அங்கே மகன் நெடுமாறன் அதே படத்தைப் போட்டிருந்தான். மனைவி ஜெயசுதா கட்டிலில் கொலுவீற்றிருந்தார். பக்கத்து வீட்டுக் கமர் ஜஹான் தரையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். விருந்தாளி முன்னே வீட்டாரைத் திட்டலாகாது என்பதால் பொங்கிய சினத்தை விழுங்கிய வீரர், திரைக்கு முதுகைக் காட்டி, சுவரை நோக்கி உட்கார்ந்தார். மலையுச்சியில் தவமிருந்த முனிவருக்கும் அத்தனை விறைப்பு வாய்த்ததில்லை.

முதுகுக்குக் கண்ணில்லை; ஆனால் காதுக்குக் கதவுமில்லை. ஆகவே அவர் அந்த அநீதியைக் கேட்க நேர்ந்தது.

"டேய், பால் பொங்குது, நிறுத்துடா" என்றார் ஜெயசுதா. படம் நின்றது. சற்று ஓடியதும், "மருமவ போன் பண்றா, கொஞ்சம் நிறுத்து கண்ணு" என்றார் கமர் ஜஹான். மீண்டும் நின்றது. பிறகு நெடுமாறன் சார்ஜர் தேடப் போனான்.

அந்தோ! விளக்குகள் சுடர, நாற்காலிகள் படபடவென மடங்க, அரங்கமே ஓருடலாய் எழுந்து ஒரே வாசலில் பாயும் அந்தப் பேரெழுச்சி எங்கே! ஆளுக்கொன்றாகப் பிய்த்துக்கொண்ட இந்தத் துக்கடா நிறுத்தங்கள் எங்கே! ஒருவர் எழுந்தார், மற்றவர் செல்போனைத் தடவினார். எவரும் எதையும் தின்னவில்லை. இதுவே உலக வழக்கமாகிவிட்டால் இனி அவர் தட்டை நோக்கி யார் வருவார்? வீரரின் நெஞ்சு எண்ணெய்ச் சட்டியாய்க் கொதித்தது.

அப்போது திரையில் முரசுகள் அதிர்ந்தன. வயலின்கள் வீறிட்டன. நாயகனின் உயிர்த்தோழன் குரல் தாழ்த்தி ஏதோ சொல்லத் தொடங்கினான். தனகோட்டியாரின் வலக்கை, இல்லாத ஜல்லிக் கரண்டியைத் தேடித் தானாகத் துடித்தது. இதோ, இதுதான் இடம்! ஆனால் படம் நிற்காமல் ஓடியது.

பாய்ந்தார் தனகோட்டியார்! ரிமோட்டைப் பற்றினார், நெடுமாறன் விடவில்லை. தலையணை என்னும் கேடயத்தோடு ஜெயசுதா குறுக்கே புகுந்தார். "அண்ணே, கால மெரிக்காதீங்க!" என்று அலறினார் கமர் ஜஹான். நான்கு கைகளுக்குத் தப்பிய ரிமோட், வானில் சுழன்று, கட்டிலடியில் போய் ஒளிந்தது. வயிற்றால் ஊர்ந்து அந்த இருட்குகைக்குள் புகுந்த பெருவீரர், ஒட்டடையையே மணிமுடியாகச் சூடி வெளிப்பட்டு, பொத்தானை அழுத்தினார்.

தோழன் கையில் கத்தியோடு, நாயகனின் முதுகுக்குப் பின்னே, திரை உறைந்தது.

"இடைவேளை!" என்று முழங்கினார்.

முதலில் வாய் திறந்தவர் கமர் ஜஹான். "யம்மா... சரியான எடம்ணே!"

"செவுத்தயே மொறச்சிக்கினு இருந்தவருக்கு எடம் மட்டும் எப்டித் தெரிஞ்சிதாம்?" என்று ஜெயசுதா இடுப்பில் கைவைத்தார்.

"வெளிய அடுப்பாண்ட நிக்கறவன் காதாலதான்டி படம் பாக்கறான். இந்த மியூசிக்குக்குதான் எண்ணெயில போடுவேன். பாதிக்கு மேல எந்தப் படம் இன்னா ஆவுதுன்னு எனக்கு இன்னிக்கி வரிக்கும் தெரியாது. கிளாஸ் கழுவிக்கினு இருப்பேன்."

ஜெயசுதா தலையணையைக் கீழே போட்டார். எழுந்தார். கமர் ஜஹானும் எழுந்தார். நெடுமாறனும் எழுந்தான். மூவரும் ஒருங்கே எழுந்தனர்! ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு நைனா", "அண்ணே, எனக்கு மொதல்ல" என்று நீண்ட கைகளுக்கு நடுவே, மும்முரசும் முழங்கினாற்போல், கொற்றக்குடை நிழற்றினாற்போல், ஆறிப்போன சமோசாக்களை வாரி வாரி வழங்கி நின்றார் இடைவேளை வென்ற பெருமான்!

பிறகு அவரும் கட்டிலில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார்.