பாலம் படிக்கப் போனவன் பூமிக்குள் இறங்கிய விவரம்

ஊரிகம்,
19-11-1964

கடல் தாண்டி லண்டன் பட்டணத்தில் பாலம் கட்டும் படிப்புப் படிக்கிற என் பேரன் சிரஞ்சீவி ராஜப்பாவுக்கு, உன் அப்பனைப் பெற்ற ஆயா தாயம்மா எழுதிக்கொண்டது. மாரியம்மன் அருளால் நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். இவ்விடம் நான், உன் அம்மா சகுந்தலா, உன் அப்பன், ஆடு இரண்டு, எல்லோரும் சுகம். சுகம் என்று எழுதுவது மரியாதைக்கு. நிஜத்தில் உன் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை முதல் இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆடு சாப்பிடுகிறது.

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். நம் சுரங்க லைன் வீடுகளில் என் வயசுப் பொம்பளைகளில் கடிதம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது உனக்கே தெரியும். அதனால் உன் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி படித்தேன். முதல் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. குளிர், ரொட்டி, மறுபடி குளிர். இரண்டாம் பக்கத்தில், தினமும் காலையில் லிப்டில் பூமிக்கு அடியில் இறங்கி, அங்கே டனலுக்குள் ஓடுகிற ரயிலில் போகிறேன் என்று எழுதியிருந்தாய். என் குரல் தானாக இறங்கிவிட்டது. மீதியை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

ராஜப்பா, உன் தாத்தா முப்பத்தொரு வருஷம் தங்கச் சுரங்கத்துக் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்கி ஏறினவர். கடைசியில் படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துச் சொன்னது ஒரே வார்த்தைதான். "தாயம்மா, என்னோட போவட்டும். என் பேரன் கால் கேஜுல படக்கூடாது." நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். நீ பாலம் படிக்கப் போகிறேன் என்றபோது ஊரே வேண்டாம் என்றது. நான்தான், பாலம் என்பது தரைக்கு மேலே இருக்கிற வஸ்து, போகட்டும் என்றேன். இப்போது செத்தவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்று எதிர்வீட்டு பர்னபாஸைக் கூப்பிட்டேன். சுரங்கக் குழியின் ஷாஃப்ட் வாசலில் ஆள் எண்ணி கேஜில் ஏற்றி அனுப்பியே ரிடையர் ஆனவர், அவருக்குத் தெரியாத கேஜ் கிடையாது. நீ எழுதினதை வரி வரியாகக் கேட்டார். இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தலையாட்டினார். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போகிறோம், ஒருத்தரும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்கும் தலையாட்டினார். இறங்கும்போது எவன் பேசுவான், உன் தாத்தாவே வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இறங்குவார். மேலே வரும்போது வாசலில் ஒருத்தர் நின்று சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார் என்ற இடம் வந்ததும் பர்னபாஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாக்கா இது, இன்னும் சந்தேகமா? அது டோக்கன். சாயங்காலம் எண்ணிப் பார்ப்பான். ஒரு டோக்கன் கொறஞ்சா ஒரு ஆள் கீழ கீறான்னு அர்த்தம். பையன் ஷிஃப்டுல கீறான்க்கா."

உன் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இரண்டு சங்கதி மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. கீழே எல்லோரும் பேப்பர் படிக்கிறார்கள் என்றாயே, எந்த வெளிச்சத்தில் படிக்கிறார்கள்? இன்னொன்று, படிக்கட்டு தானாகவே ஓடுகிறது, நாம் சும்மா நின்றால் போதும் என்று எழுதியிருக்கிறாய். பர்னபாஸ் அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டு, படி ஓடாது, பையனுக்கு ஜுரம் தலைக்கு ஏறியிருக்கிறது என்றார். உன் அம்மா அழுகையை ஒரு படி ஏற்றினாள்.

கடைத்தெருவில் தங்கம்மா, பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டபோது, அவனுக்கென்ன, அஞ்சாவது மாடியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ பூமிக்குக் கீழே எத்தனையாவது லெவலில் இருக்கிறாயோ, எனக்கு எப்படித் தெரியும்? சம்பளத்துக்கு ஆசைப்பட்டாயா, காலேஜில் இதுதான் பாடம் என்று ஏமாற்றினார்களா, ஒன்றும் புரியவில்லை. பாலம் படிக்கிற பிள்ளையை எதற்கு இறக்குகிறார்கள்? பாலத்தை அடியிலிருந்து கட்டிக்கொண்டு வருவார்களா?

நீ வந்து சேரும்வரை தலைக்கு ஒரு காவல் வேண்டுமே என்று, தாத்தாவின் சுரங்கத் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, அதற்குள் வேர்க்கடலை உருண்டையும் அம்மன் குங்குமமும் வைத்துக் கட்டி நேற்றுப் பார்சல் அனுப்பிவிட்டேன். தபாலாபீஸில் இருக்கிற பையன், என்ன சாமான் என்று கேட்டான். தொப்பி என்றேன். "தொப்பியே அங்கேர்ந்து வந்ததுதான ஆயா, திருப்பி அனுப்பறியா?" என்று சிரித்தான். எழுத்துக்கூட்டி விலாசம் எழுதவே அரை மணி ஆகிவிட்டது.

ஆகையால் ராஜப்பா, இந்தக் கடிதம் கண்டதும் வாத்தியார்களிடம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கப்பல் ஏறிவிடு. படிப்பு போனால் போகிறது. இன்றைக்கு இறங்கியாகிவிட்டது என்றால் நாளைக்கு இறங்காதே. இது உன் தாத்தா மேல் ஆணை.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொள். உன் அம்மா அழுதுகொண்டே முத்தம் சொல்லச் சொல்கிறாள், பர்னபாஸ் தோத்திரம் சொல்கிறார். நீ என் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக நினைத்துத் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்,

உன் ஆயா,
தாயம்மா

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் உன் இரண்டாவது கடிதமும் போட்டோவும் வந்தன. அந்த ரயிலுக்குள் நீ கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி. எதிரே தலை முழுக்க நரைத்த கிழவி, பூ வைத்த தொப்பி போட்டுக்கொண்டு, சாவகாசமாக ஸ்வெட்டர் பின்னுகிறாள். பர்னபாஸ் போட்டோவை வெயிலில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அக்கா, கைக்கொழந்தைய எந்த ஷிஃப்டுல எறக்குவான்?" என்றார். அப்புறம் வீட்டுக்குப் போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

முப்பத்தொரு வருஷம் நான் ஷாஃப்ட் வாசல் வரைக்கும்தான் போயிருக்கிறேன். பொம்பளை இறங்கக் கூடாது என்பார்கள். கீழே எப்படி இருக்கும் என்று கேட்டால் உன் தாத்தா, இருட்டாய் இருக்கும் என்பார், அதற்குமேல் சொல்லமாட்டார். அங்கே என் வயசுக்காரி ஒருத்தி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு போகிறாள்.

நீ வர வேண்டாம். நிதானமாகப் படி. பாலம் ஒன்று கட்டி முடித்ததும் என்னை அழைத்துப் போய் ஒரே ஒரு தரம் அந்த ரயிலுக்கு இறக்கிக் காட்டு. ஓடுகிற படியில் நான் காலை வைக்கமாட்டேன், லிப்டே போதும். தாத்தா தொப்பி வந்து சேர்ந்ததும் உருண்டையை மட்டும் எடுத்துக்கொள். தொப்பியை யாருக்கும் கொடுத்துவிடாதே, அன்றைக்கு எனக்கு வேண்டும்.